படகுக்குள் லாரி இன்ஜின்: காசிமேட்டில் வயரிங்கை ஏன் கடைசி வேலையாக விடக் கூடாது?

ஏப்ரல் 15 வந்துவிட்டால் காசிமேடு துறைமுகத்தில் விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வரிசை கட்டி நிற்கும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் கிழக்குக் கடற்கரை முழுக்க விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகுகளுக்கு மட்டும் விலக்கு.

ஆனால் துறைமுகம் அமைதியாகிவிடாது. மீன் ஏலச் சத்தத்துக்குப் பதிலாக வெல்டிங் சத்தமும் கிரைண்டர் சத்தமும் கேட்கும். பெயின்ட், பலகை மாற்றுவது, இரும்புப் படகுக்குத் தகடு மாற்றுவது என்று வருஷம் முழுக்கத் தள்ளிப்போட்ட வேலையெல்லாம் இந்த இரண்டு மாதத்தில்தான் நடக்கும். அதில் பெரிய வேலை, இன்ஜின் மாற்றுவது.

கிரேன் வந்து பழைய இன்ஜினைத் தூக்கும், புதியது இறங்கும். பேஸ், ஷாஃப்ட் அலைன்மென்ட், கூலிங் பைப், சைலன்சர் எல்லாம் நடக்கும்போது ஓனர் பக்கத்திலேயே நிற்பார். வயரிங் மட்டும் எப்போதுமே கடைசி. தடைக்காலம் முடிய நாலு நாள் இருக்கும்போது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ‘ஸ்டார்ட் ஆகிற மாதிரி பண்ணிக் கொடுங்கண்ணே’ என்று சொல்வதுதான் பல இடங்களில் நடப்பது.

ஸ்டார்ட் ஆகிவிடும். பிரச்சினை துறைமுகத்தில் வராது. கரையிலிருந்து பல மணி நேரம் தள்ளிப் போனபிறகு, வலை தண்ணீரில் இருக்கும்போது வரும்.

லாரிக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்?

காசிமேட்டிலிருந்து கடலோரச் சாலையில் வடக்கே போனால் திருவொற்றியூர், அதைத் தாண்டினால் எண்ணூர். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955-ல் பிரிட்டனின் லேலண்டுடன் சேர்ந்து அசோக் லேலண்ட் ஆன நிறுவனத்தின் தாய்த் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. தமிழக விசைப்படகுகளில் லேலண்ட் இன்ஜின் பரவலாக இருப்பதற்கு இந்தப் பக்கத்து வீட்டு உறவும் ஒரு காரணம் என்று சொல்லலாம். லாரி இன்ஜின் தெரிந்த மெக்கானிக் இங்கே தெருவுக்குத் தெரு கிடைப்பார். ஸ்பேர் கிடைக்கும்.

லாரியில் ஓடும் டீசல் இன்ஜினையே கடல் தண்ணீர் கூலிங், வேறு கியர்பாக்ஸ் எல்லாம் சேர்த்துப் படகுக்கு ஏற்றபடி மாற்றுவதை ‘மரைன் கன்வர்ஷன்’ என்பார்கள். கம்பெனியே படகுக்கென்று தயாரித்துத் தரும் இன்ஜினோடு பேனலும் வயரிங் செட்டும் சேர்ந்தே வந்துவிடும். பழைய லாரியிலிருந்து கழற்றி வாங்கும் இன்ஜினுக்கு அந்த வசதி கிடையாது. வண்டியை உடைக்கிற இடத்தில் நேரத்தை மிச்சப்படுத்த வயர்களைக் கட்டரால் வெட்டிவிடுவார்கள். இன்ஜின் மேல் அரை அடி நீளத்துக்குத் தொங்கும் துண்டு வயர்களோடுதான் அது காசிமேட்டுக்கு வரும்.

இந்தத் துண்டு வயர்களிலிருந்து தொடங்கி பேட்டரி, செல்ஃப் மோட்டார், டைனமோ, சென்சார், வீல்ஹவுஸ் பேனல் வரை எல்லாவற்றையும் இணைக்கும் மொத்த வயர்க் கட்டுக்குத்தான் ‘வயரிங் ஹார்னஸ்’ என்று பெயர். உடம்புக்கு நரம்பு மாதிரி என்று எல்லோரும் சொல்லும் உவமைதான். ஒரு வித்தியாசம், நரம்பைப் போல இதுவாக வளராது. ஒவ்வொரு வயரையும் யாராவது உட்கார்ந்து போட வேண்டும்.

கரன்ட் போனாலும் ஓடிய இன்ஜின்

பழைய தலைமுறை டீசல் இன்ஜின் ஒரு விஷயத்தில் அற்புதமானது. ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் அதற்குக் கரன்டே வேண்டாம். டீசலை அழுத்தி அனுப்பும் பம்பை இன்ஜினே பல்சக்கரம் மூலம் சுற்றிக்கொள்ளும். அழுத்தத்தில் டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும், ஸ்பார்க் பிளக் கிடையாது. பேட்டரியைக் கழற்றிக் கடலில் போட்டாலும் வீடு வந்து சேரலாம். நிறுத்துவதற்குக் கூட ஒரு கேபிளை இழுத்தால் போதும்.

அதனால் காசிமேட்டில் வயரிங்குக்குப் பெரிய மரியாதை இல்லாமல் போனதில் ஆச்சரியமில்லை. செல்ஃபுக்கு இரண்டு தடித்த கேபிள், டைனமோவுக்கு ஒன்று, லைட்டுக்கு நாலு, அவ்ளோதான்.

இந்தக் கணக்கு மாறிக்கொண்டிருக்கிறது. லாரிகளுக்கான புகை விதிகள் 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பிஎஸ்-4 ஆகவும், 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 ஆகவும் இறுகின. அந்த விதிகளுக்குள் நிற்க, டீசலை எப்போது, எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்பதை கம்ப்யூட்டர் முடிவு செய்யும் ‘காமன் ரெயில்’ இன்ஜின்கள் பரவலாகின. 1,600 பார், அதற்கும் மேல் அழுத்தத்தில் டீசல் ஒரு குழாயில் காத்திருக்கும். இசியூ எனப்படும் கம்ப்யூட்டர் உத்தரவு கொடுத்தால்தான் இன்ஜெக்டர் திறக்கும்.

அந்த லாரிகள் வயதாகி உடைக்கப்படும்போது பழைய இரும்புச் சந்தைக்கு வருவது இந்த இன்ஜின்கள்தான். இவற்றில் கரன்ட் ஒரு நொடி போனால் இன்ஜின் ஒரு நொடியில் நிற்கும். கிராங்க் ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஒரே ஒரு சென்சாரின் வயர் அறுந்தாலே போதும், பல இன்ஜின்கள் அப்படியே அணைந்துவிடும். அந்த வயர் பென்சில் முனையை விட மெல்லியது.

உப்புக் காற்று வயருக்குள் எப்படிப் போகிறது?

துறைமுகத்தில் ஒரு பழைய வயரை எடுத்து மேல் உறையைச் சீவிப் பார்த்தால் புரியும். உள்ளே செம்பு நிறம் இருக்காது. கறுப்பாகவோ பச்சைக் களிம்பு பூத்தோ இருக்கும். வெளியே உறையில் ஒரு கீறல் கூட இருக்காது. அப்புறம் தண்ணீர் எப்படி உள்ளே போனது?

முனையிலிருந்து போனது. லக் அடித்த இடத்தில் உறைக்கும் உலோகத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் உப்பு ஈரம் நுழையும். மெல்லிய செம்பு இழைகளுக்கு நடுவே இருக்கும் சந்துகள், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். இதனால்தான் படகு வயரிங்குக்கு வெள்ளீயம் பூசிய செம்பு இழை வயரைப் பெரிதும் விரும்புகிறார்கள். ஒவ்வொரு இழைக்கும் தனித்தனிப் பூச்சு இருக்கும். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் வயரில் அந்தப் பூச்சு இல்லை. ஒற்றைக் கம்பியோ, தடித்த சில இழைகளோ உள்ள வயராக இருந்தால் இன்ஜின் அதிர்வில் வளைந்து வளைந்து உடையவும் செய்யும்.

முனையை மூடுவதற்கு உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் கிடைக்கிறது. சூடு காட்டினால் சுருங்கும், பசை உருகி ஓரத்தில் வழிந்து அடைத்துக்கொள்ளும். சாதாரண ஸ்லீவ் சுருங்கும், ஆனால் அடைக்காது. கறுப்பு இன்சுலேஷன் டேப் இரண்டையும் செய்யாது. இன்ஜின் ரூம் சூட்டில் அதன் பசை இளகி, டேப் நழுவி, உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டேப் சுற்றுவதை முழு வேலையாக நினைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு.

சால்டரிங் செய்தால் உறுதிதானே என்று கேட்கலாம். டிவி, ரேடியோவுக்கு உறுதி. இன்ஜினில் வேறு கதை. ஈயம் இழைகளுக்குள் ஊர்ந்து போய் அந்த இடத்தை ஒரு கம்பி போல விறைப்பாக்கிவிடும். விறைப்பு எங்கே முடிகிறதோ சரியாக அங்கே அதிர்வு வேலை செய்து இழைகளை ஒடிக்கும். அமெரிக்கப் படகு வயரிங் தரமான ஏபிஒய்சி, ஒரு இணைப்பு சால்டரை மட்டுமே நம்பி நிற்கக் கூடாது என்கிறது. சரியான அச்சுள்ள கிரிம்பிங் டூலால் அழுத்திய லக்தான் முறையானது. கட்டிங் பிளேயரால் நசுக்கினால் அது கிரிம்பிங் இல்லை. அழுத்திய பிறகு கையால் நன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். வருகிறதென்றால் கரையிலேயே வந்தது நல்லதாகப் போயிற்று.

நூறில் ஒரு பங்கு ஓம்

கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், பத்தாம் வகுப்பு ஓம் விதிதான்.

24 வோல்ட் செல்ஃப் மோட்டார் ஒரு பெரிய டீசல் இன்ஜினைச் சுற்றும்போது சில நூறு ஆம்பியர் இழுக்கும். 400 என்று வைத்துக்கொள்வோம். பேட்டரி 5 மீட்டர் தள்ளி இருந்தால் போக 5, வர 5, ஆக 10 மீட்டர் கேபிள். 35 ஸ்கொயர் எம்எம் செம்புக் கேபிள் என்றால் அதிலேயே ஏறத்தாழ 2 வோல்ட் தொலைந்துவிடும். 70 ஸ்கொயர் எம்எம் போட்டால் இழப்பு 1 வோல்ட். பேட்டரியை இன்ஜினுக்கு அருகே, தண்ணீர் தேங்கும் அடிமட்டத்துக்கு மேலே வைத்தால் செலவே இல்லாமல் இன்னும் மிச்சம்.

இப்போது அந்தக் கேபிளின் முனையில் லக் ஒன்று களிம்பு பிடித்திருக்கிறது. அதன் மின்தடை வெறும் 0.01 ஓம். சாதாரண மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் பூஜ்ஜியம் என்றுதான் காட்டும், ‘கன்டினியூட்டி இருக்கு’ என்று பீப் அடிக்கும். 400 ஆம்பியர் போகும்போது அந்த ஓர் இடத்தில் மட்டும் 4 வோல்ட் காணாமல் போகும். அது 1,600 வாட் சூடாக மாறும். ஒரு இஸ்திரிப் பெட்டியை விட அதிகம், அதுவும் டீசல் வாடை நிறைந்த ஒரு சின்ன அறையில்.

இதைக் கண்டுபிடிக்க ஓம் அளப்பது உதவாது. வோல்ட் மோடில் மீட்டரை வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் தொட்டுக்கொண்டு, ஒருவர் செல்ஃப் அடிக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ கோளாறு. பிளஸ் பக்கத்துக்கும் இதே வழி. இரண்டே நிமிட வேலை. ஆனால் ‘ஸ்டார்ட் ஆகலையா, புது பேட்டரி போடு’ என்பதுதான் துறைமுகத்தில் முதல் வைத்தியம். புது பேட்டரி நாலு மாதம் அந்தக் கோளாறை மறைத்து வைக்கும். மழைக்காலத்தில் மறுபடி காட்டிக்கொடுக்கும்.

சென்சார்களுக்கு இதே கணக்கு வேறு விதமாக விளையாடும். பெரும்பாலான சென்சார்கள் 5 வோல்ட்டில் வேலை செய்பவை. செல்ஃபோ பெரிய லைட்டோ பயன்படுத்தும் அதே எர்த் வயரில் சென்சார் எர்த்தையும் சேர்த்து முறுக்கிவிட்டால், அந்த வயரில் அரை வோல்ட் இழப்பு வரும்போது சென்சார் சொல்லும் அளவு பத்து சதவீதம் பொய்யாகிவிடும். இன்ஜின் சூடாகாமலேயே சூடு என்று அலாரம் வரும். அல்லது சூடானாலும் வராது. சென்சார் எர்த் தனியாக இசியூவுக்கே திரும்பிப் போக வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

லாரிக்கு சேசிஸ் உண்டு, படகுக்கு?

லாரியில் பாதி வயரிங்கை சேசிஸ் செய்துவிடுகிறது. பிளஸ் வயர் மட்டும் போட்டு, நெகட்டிவை எங்காவது ஒரு போல்ட்டில் கட்டினால் போதும். ‘பாடி எர்த்’. லாரி எலக்ட்ரீஷியனுக்கு இது கையோடு வந்த பழக்கம்.

மரப் படகிலும் ஃபைபர் படகிலும் பாடி எர்த் என்பதே கிடையாது. ஒவ்வொரு லைட்டுக்கும் பம்புக்கும் இரண்டு வயர் போட்டே ஆக வேண்டும். லாரியிலிருந்து எடுத்த வயரிங் செட் படகில் பாதியில் நிற்பது இதனால்தான்.

ஆபத்து அதிகம் இரும்புப் படகில். அங்கே பாடி எர்த் வேலை செய்யும். லைட் எரியும். ஆனால் தகடு வழியே கரன்ட் ஓடும்போது, அதில் கொஞ்சம் கசிந்து கடல் தண்ணீர் வழியே வழி தேடிக்கொண்டால், கரன்ட் இரும்பை விட்டுத் தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில் இரும்பு கரையும். எலக்ட்ரோபிளேட்டிங் தலைகீழாக நடப்பது போல. சாதாரணத் துருவை விட இது பல மடங்கு வேகம். துத்தநாகக் கட்டி வைத்திருந்தாலும் வெளி கரன்ட் தள்ளும்போது அது ஈடுகொடுக்காது. எனவே இரும்புப் படகானாலும் எல்லா நெகட்டிவும் வயர் வழியாகவே திரும்பி, ஒரே பொது பட்டைக்கு வந்து, அங்கிருந்து பேட்டரிக்குப் போக வேண்டும்.

இன்னொரு பழக்கம். இன்ஜின் 24 வோல்ட், அதாவது இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடர் இணைப்பில். விஎச்எஃப் வயர்லெஸ், ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் போன்றவற்றில் பல 12 வோல்ட்டில் ஓடுபவை. என்ன செய்வார்கள்? இரண்டு பேட்டரிக்கு நடுவிலிருந்து ஒரு வயர் எடுத்து 12 வோல்ட் பிடித்துவிடுவார்கள். வேலை செய்யும். ஆனால் ஒரு பேட்டரி மட்டும் தினமும் கூடுதலாக உழைக்கும். டைனமோ இரண்டையும் சேர்த்துதான் சார்ஜ் செய்யும், எனவே உழைத்தது பாதி சார்ஜில் சோர்ந்து கிடக்கும், உழைக்காதது அளவுக்கு மீறி சார்ஜாகித் தண்ணீர் வற்றும். சில மாதத்தில் இரண்டுமே காலி. 24-லிருந்து 12-க்கு மாற்றும் ஒரு கன்வெர்ட்டர் பெட்டி இருந்தால் முடிந்தது. ஜோடி பேட்டரியின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவு இல்லை.

வயரைக் கையில் எடுப்பதற்கு முன்

நல்ல ஹார்னஸ் பேப்பரில்தான் தொடங்குகிறது. கடையில் முதல் காயில் வயர் வாங்குவதற்கு முன், இன்ஜினில் இருக்கும் ஒவ்வொரு கப்ளரையும் பட்டியல் போட வேண்டும். எந்தப் பின் எங்கே போகிறது, எத்தனை ஆம்பியர், எவ்வளவு நீளம். காமன் ரெயில் இன்ஜின் என்றால் அந்த மாடலின் சரியான பின் அவுட் படம் கையில் இல்லாமல் தொடக் கூடாது. ஒரே குடும்ப இன்ஜினிலும் வருஷத்துக்கு வருஷம் பின் மாறும். காந்த வகை கிராங்க் சென்சாரின் இரண்டு வயரை இடம் மாற்றிப் போட்டால் கூட இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கலாம். அல்லது ஸ்டார்ட் ஆகிவிட்டு டைமிங் தப்பி இரையலாம். இரண்டாவது வகை கோளாறை ஒரு வாரம் தேடினாலும் பிடிக்க முடியாது.

வாங்கும்போதே புத்தியாக இருப்பது பாதி வேலை. இன்ஜினோடு அதே லாரியின் இசியூ, வயரிங் செட், ஆக்சிலரேட்டர் பெடல், சாவி, எல்லாம் ஒரே வண்டியிலிருந்து கேட்டு வாங்க வேண்டும். அந்த ஆக்சிலரேட்டர் பெடலுக்குள்ளேயே இரண்டு சென்சார் இருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் இசியூ சந்தேகப்பட்டு வேகத்தைக் குறைத்துவிடும். லாரியின் ஏபிஎஸ், வண்டி வேக சென்சார், புகைக்குழாய் சென்சார்கள் என்று படகில் இல்லாத பொருள்களை எல்லாம் இசியூ தேடும். கிடைக்காவிட்டால் ‘லிம்ப் மோடு’. இன்ஜின் ஓடும், சக்தி இருக்காது. எதிர்க்காற்றில் வலையோடு நிற்கும் படகுக்கு அது ஓடாததற்குச் சமம். இந்த விஷயத்தில் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது: இசியூவைப் படகுக்கு ஏற்றபடி முறையாக மாற்றித் தரக்கூடிய ஆள் கிடைக்காவிட்டால் பிஎஸ்-6 லாரி இன்ஜினை வாங்காமல் இருப்பதே லாபம்.

நீளத்தை டேப் வைத்து அளப்பதை விட, இன்ஜின் பேஸில் உட்கார்ந்த பிறகு ஒரு நைலான் கயிற்றை உண்மையான பாதையில் ஓட்டிப் பார்ப்பது சரியாக வரும். டர்போ, எக்ஸாஸ்ட் பக்கத்தைத் தவிர்த்து, பெல்ட்டைத் தவிர்த்து, யாரும் ஏணி என்று நினைத்து மிதிக்கும் இடத்தையும் தவிர்த்துப் போக வேண்டும். கயிற்றில் எங்கெங்கே கிளை பிரிகிறது என்று முடிச்சு. அந்தக் கயிற்றைக் கரையில் ஒரு பிளைவுட் பலகையில் விரித்து, ஆணி அடித்து, அதன் மேல் வயர்களைப் படுக்க வைத்தால் ஹார்னஸ் வடிவம் வந்துவிடும். கார் கம்பெனிக்கு ஹார்னஸ் செய்யும் தொழிற்சாலைகளிலும் அடிப்படை இதுதான், பலகையும் முளைகளும் அங்கே கொஞ்சம் அழகாக இருக்கும்.

இன்ஜின் ரப்பர் மவுன்டில் ஆடும், படகு ஆடாது. ஆகவே இன்ஜினிலிருந்து படகுச் சுவருக்குத் தாவும் இடத்தில் வயர் கொஞ்சம் தொய்வாக இருக்க வேண்டும். மற்ற இடங்களில் தொய்வே கூடாது. ஏபிஒய்சி கணக்குப்படி 18 அங்குலத்துக்கு ஒரு கிளிப், அதாவது ஏறத்தாழ ஒன்றரை அடி. கப்ளருக்கு வரும் வயர் மேலிருந்து நேராக இறங்காமல், கீழே போய் வளைந்து மேலேறி நுழைந்தால் வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

இசியூவும் மற்ற பெட்டிகளும் பேசிக்கொள்ளும் இரட்டை வயருக்கு ‘கேன்’ என்று பெயர். லாரிகளில் ஜே1939 என்ற முறை. இரண்டு வயரும் ஜடை போல முறுக்கியே போக வேண்டும், இரண்டு கடைசி முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. பேட்டரியைத் துண்டித்துவிட்டு இரண்டு வயருக்கும் நடுவே அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 என்றால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. பூஜ்ஜியத்துக்குப் பக்கம் என்றால் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஃப்யூஸ் எங்கே இருக்க வேண்டும்?

ஃப்யூஸ் காப்பாற்றுவது விளக்கை அல்ல, வயரை. வீல்ஹவுஸ் பேனலில் அழகாக ஃப்யூஸ் வரிசை வைத்துவிட்டு, பேட்டரியிலிருந்து அந்தப் பேனல் வரை வரும் 8 மீட்டர் வயருக்கு ஃப்யூஸே இல்லாமல் விட்டால், நடுவில் எங்கு உரசினாலும் பேட்டரியின் முழு சக்தியும் அங்கே கொட்டும். ஆகவே ஃப்யூஸ் பேட்டரி பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஏபிஒய்சி 7 அங்குலத்துக்குள் என்கிறது. செல்ஃப் கேபிளுக்கு மட்டும் விலக்கு. அதனால் அந்தக் கேபிள் போகும் பாதையில்தான் இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

இசியூவுக்குத் தனி லைன், பேட்டரியிலிருந்து நேராக, தன் சொந்த ஃப்யூஸோடு. பில்ஜ் பம்புக்கும் தனி லைன், மெயின் ஸ்விட்சை அணைத்தாலும் வேலை செய்யும்படி.

மெயின் ஸ்விட்ச் பற்றி ஒரு எச்சரிக்கை. இன்ஜின் ஓடும்போது அதை அணைக்கக் கூடாது. டைனமோ உற்பத்தி செய்யும் கரன்டை வாங்கிக்கொள்ள பேட்டரி திடீரென்று இல்லாமல் போனால் வோல்டேஜ் எகிறும். 24 வோல்ட் அமைப்பில் தடுப்பு ஏதும் இல்லாவிட்டால் அது 150 வோல்ட்டையும் தாண்டலாம். இசியூவுக்கு ஒருமுறை போதும்.

தடைக்காலத்துக்கே உரிய ஆபத்து வெல்டிங். இன்ஜினும் வயரிங்கும் முடிந்தபிறகு ‘இங்கே ஒரு பிராக்கெட் மட்டும்’ என்று வெல்டர் வருவார். அவருடைய எர்த் கிளாம்ப் தூரத்தில் எங்கோ இருந்தால், வெல்டிங் கரன்ட் திரும்பிப் போகும் வழியில் இசியூவின் எர்த் வயரையும் பயன்படுத்திக்கொள்ளலாம். இரும்புப் படகில் வெல்டிங்குக்கு முன் பேட்டரி கேபிளையும் இசியூ கப்ளரையும் கழற்றுவதுதான் முறை. கழற்ற ஐந்து நிமிடம் ஆகும். கழற்றாமல் விட்டதற்குப் புது இசியூ வாங்கியவர்களுக்கு அந்த ஐந்து நிமிடம் நன்றாக நினைவிருக்கும்.

பழைய மெக்கானிக்கல் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது என்று சொல்லிவிட முடியாது. ஆயில் பிரஷர் குறைந்தாலும் தண்ணீர் சூடு ஏறினாலும் கத்தும் பஸ்ஸர், அந்த இன்ஜினில் வயரிங் செய்யும் மிக முக்கியமான வேலை. சும்மா சும்மா கத்துகிறது என்று முதலில் பிடுங்கப்படுவதும் அந்த வயர்தான். அது சும்மா கத்தியிருக்காது, எர்த் சரியில்லாமல் கத்தியிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

எந்த இன்ஜினையும் போட்டுவிட முடியாது. 2020-ல் திருத்தப்பட்ட தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறை விதிகள் 240 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட இன்ஜினை அனுமதிப்பதில்லை. காசிமேட்டில் ‘சீன இன்ஜின்’ என்று சொன்னாலே வாக்குவாதம் கிளம்புவதன் பின்னணி இது. அதிவேகப் படகு ஒரே இழுப்பில் அள்ளிக்கொண்டு போனால் சின்னப் படகுக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்வி. லாரி இன்ஜினைத் தேர்ந்தெடுக்கும்போதே குதிரைத்திறனைப் பார்த்துக்கொள்வது நல்லது.

சாலையில் ஓடும் வண்டிக்கு இன்ஜின் மாற்றலாம் என்று யூடியூப் பார்த்து ஆசைப்படுபவர்களுக்கு விதி இன்னும் கடுமை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி தயாரிப்பாளர் சொன்ன விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஜூன் 14-க்கு முன் ஒரு ராத்திரி

சோதனைக்கு ஒரு வரிசை உண்டு. இசியூவை மாட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு வயரையும் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் தொடர்பு இருக்கிறதா, பக்கத்து வயரோடு தொடர்பு இல்லாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பேட்டரியை நேராகக் கொடுக்காமல், நடுவில் ஒரு சின்ன பல்பைத் தொடராக இணைத்துக் கொடுத்தால், எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், வயர் எரியாது. அதற்கப்புறம்தான் இசியூ.

அடுத்தது ராத்திரி சோதனை. துறைமுகத்திலேயே இன்ஜினை ஓடவிட்டு எல்லா லைட்டையும் பம்பையும் வயர்லெஸ்ஸையும் ஒன்றாகப் போட வேண்டும். பேட்டரியில் 27, 28 வோல்ட்டுக்குப் பக்கம் நிற்கிறதா? இன்ஜின் ஐடிலில் இருக்கும்போதும் இறங்காமல் இருக்கிறதா? ஒரு மணி நேரம் கழித்து ஒவ்வொரு லக்கையும் கப்ளரையும் ஃப்யூஸ் ஹோல்டரையும் புறங்கையால் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தால் சூடாக இருப்பது தன்னைக் காட்டிக்கொடுக்கும். வயர்க் கட்டை இங்கும் அங்கும் ஆட்டிப் பார்க்க வேண்டும். இன்ஜின் ஒரு இடத்தில் தடுமாறினால் கோளாறு அந்த இடத்தில்தான்.

கடைசியாக, போட்ட படத்தை. எந்த நம்பர் வயர் எங்கே போகிறது, எந்த ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர் என்று எழுதிய அந்தப் பேப்பரைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வீல்ஹவுஸில் ஆணியில் மாட்ட வேண்டும். கூடவே நாலு ஃப்யூஸ், இரண்டு ரிலே, ஒரு கிராங்க் சென்சார், ஒரு டெஸ்ட் லேம்ப். வயரிங் செய்த எலக்ட்ரீஷியனின் நம்பர் டிரைவர் போனில் இருக்கும்தான். செல்போன் டவர் போன இடத்தில் அந்த நம்பருக்கு ரிங் போகாது.